ஒரு வரியும் விடாமல் வாசிக்கிற பத்மாசினி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிரெஞ்சுக் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரையும் கூட்டினால் ஒரு கலியாண மண்டபத்தின் முதல் நாலு வரிசைகூட நிரம்பாது. கொழும்பில் யாரும் சீண்டாமல் கிடந்த பழைய பேஜோக்களை, பார்வைக்கு எடுப்பாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கி வந்தவர்கள். ஓடும்போது அந்தக் கார்களைக் குறை சொல்ல முடியாது, மெத்தையில் இருப்பது போலத்தான். ஏதாவது பிழைத்தால் மட்டும் ஊர் மெக்கானிக்மார் எல்லாரும் கையை விரித்துவிடுவார்கள். அப்போது இணுவிலுக்கு ஒரு போன் போகும்.

"பிரான்ஸ் அக்கா நிக்கிறாவோ?"

பிரான்ஸ் அக்கா என்றால் பத்மாசினி. நாற்பத்தாறு வயது, கலியாணம் ஆகவில்லை. அவளிடம் ஒரு ஸ்கூட்டியும் அதன் காலடியில் வைக்கிற ஒரு றெக்சின் பையும் உண்டு. பைக்குள் ஒரு கிழட்டு லப்டொப், காரோடு பொருத்துகிற ஒரு சின்னப் பெட்டி, ஒரு வயர். லப்டொப்பின் பற்றரி செத்து வருடக்கணக்காகிவிட்டது. சுவரில் சொருகினால்தான் மூச்சு வரும். உள்ளே இருக்கிற மென்பொருள் அதைவிடக் கிழடு. காரின் மூளையோடு பேசி எங்கே பிழை என்று கேட்டுச் சொல்வதுதான் அதன் வேலை. ஆனால் திகதியை 2008க்குத் திருப்பி வைத்தால்தான் அது திறக்கும். அதற்குப் பிறகும் உலகம் நடக்கிறது என்பதை அது ஒத்துக்கொள்வதில்லை. இன்றைய திகதியைப் போட்டால் "காலம் முடிந்தது" என்று ஒரு பெட்டி காட்டிவிட்டு நின்றுவிடும். ஆகவே பத்மாசினி ஒவ்வொரு காருக்கு முன்னாலும் குந்தியிருந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், பதினாறு பதினேழு வருடம் பின்னுக்குப் போவாள்.

இந்த வேலை அவளுக்கு வந்த விதம் பெரிய கதையல்ல. பரிஸுக்கு வெளியே ஒரு கராஜில் ஆறு வருடம் நிலம் துடைத்தாள். மெக்கானிக்மாரின் கையெல்லாம் எண்ணெய் என்பதால், "பத்மா, அந்தப் பட்டனை அமத்து, என்ன எழுதியிருக்கு என்று வாசி" என்பார்கள். அமத்தி அமத்தி, வாசித்து வாசித்து அவளுக்குப் பிரெஞ்சு வந்தது. அது என்ன பிரெஞ்சு என்கிறீர்கள்! பேக்கரியில் பாண் கேட்க நாக்குத் தடுமாறும். இரண்டாவது இன்ஜெக்டரின் வயர் அறுந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னால் மழை கொட்டின மாதிரி வரும். கராஜுக்குப் புது இயந்திரம் வந்தபோது பழையதைக் குப்பைக்கு அனுப்பப் போனார்கள். எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அகதி வழக்குத்தான் அவளைக் கவிழ்த்தது. முதல் விசாரணையில், "எங்கடை வீட்டைத் தேடி ஆமிக்காரர் இரண்டு தரம் வந்தவை" என்றாள். நடந்தது அவ்வளவுதான். மொழிபெயர்க்க இருந்த தமிழர் அதைப் பிரெஞ்சில் "கிழமைக்குக் கிழமை வந்தார்கள்" என்று கூட்டிச் சொல்லிவிட்டார். அப்போது அவளுக்கு அந்த வித்தியாசம் விளங்கவில்லை. மேல்முறையீட்டில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் வந்தார், இரண்டு தரம் என்பதை இரண்டு தரம் என்றே சொன்னார். இரண்டு பேச்சும் பொருந்தவில்லை, இவள் பொய்க்காரி என்று எழுதி வழக்கை மூடிவிட்டார்கள். பிறகு ஒருநாள் அந்த முதல் ஆளை வழியில் கண்டு கேட்டபோது, "நல்லதுக்குத்தான் தங்கச்சி கூட்டிச் சொன்னனான்" என்றார். அவர் முகத்தில் கள்ளமில்லை. பத்மாசினிக்கு அதுதான் இன்றுவரைக்கும் ஆறாத கோபம்.

திரும்பி வந்தபோது தாயும் இல்லை, வீடும் இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடித்துக்கொண்டு வந்து நின்றவர் தாயின் தம்பி நாகலிங்கம் ஒருவர்தான். வெங்காயமும் உருளைக்கிழங்கும் பயிர் செய்கிற மனுசன், அதிகம் கதைக்கமாட்டார். ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று அன்றும் கேட்கவில்லை, இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. இணுவிலில் தன்னுடைய வீட்டுப் பக்கத்து அறையைத் திறந்துவிட்டு, "இது உன்ரை" என்றார். அவ்வளவுதான்.

அந்த அறையிலிருந்துதான் அவள் கார் பார்க்கப் போவாள். அவளுக்கு ஒரேயொரு பிடிவாதம். திரையில் வந்ததை மேலிருந்து கீழே ஒரு வரியும் விடாமல் தமிழில் சொல்லுவாள். ஹோர்ன் நல்லம், பின்கதவு விளக்கு நல்லம், பற்றரி பன்னிரண்டரை வோல்ற். கேட்கிறவனுக்குக் கொட்டாவி வந்தாலும் விடமாட்டாள். அரியாலையில் கராஜ் வைத்திருக்கிற சிமியோன், "என்ன தங்கச்சி, செபமாலை முடிஞ்சுதே?" என்று பகிடி பண்ணுவார். "இன்னும் ரெண்டு மணி கிடக்கு அண்ணை" என்று இவளும் சொல்லிவிட்டு அந்த இரண்டு வரியையும் வாசிப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் நாகலிங்கம் தன்னுடைய மகள் தக்சாயினிக்குக் கலியாணம் பேசினார். பேசின வேகம் ஊருக்கே புதினம். மாசியில் அவருக்கு வயிற்று நோ வந்து பட்டணத்தில் ஸ்கான் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு கடதாசி கொடுத்தார்கள். மகள் வாசித்துப் பார்த்துவிட்டு, "காஸ் அப்பா, ஒண்டுமில்லை" என்றாள். கனடாவிலிருந்து மகன் போனில், "ஒண்டுமில்லை அப்பா, ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ" என்றான். மனைவி பாலேஸ்வரியும் ஒன்றுமில்லை என்றாள். அவர் கடதாசியை உறையோடு அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு, அடுத்த கிழமையே சாதகக் குறிப்பைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளை கோப்பாய், பெயர் சுபாங்கன், வங்கியில் வேலை. சீதனத்தில் ஒரு காரும் கேட்டார்கள். நாகலிங்கம் கொழும்புக்குப் போய் ஒரு பேஜோ 406 வாங்கி, தக்சாயினியின் பெயரில் எழுதி, ஓட்டிக்கொண்டு வந்தார். கறுப்பு நிறம், நல்ல மினுக்கம். கந்தசுவாமி கோயில் வாசலில் சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசித்துப் பூசையும் செய்தாயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கண்ணூறு படுமென்று ஒரு சாத்திரியிடம் போனார். சாத்திரி ஒரு தேசிக்காயைப் பிளந்து, குங்குமம் அடைத்து, மஞ்சள் துணியில் கட்டி, மணமகள் இருக்கப்போகிற முன் சீற்றுக்குக் கீழே வைக்கச் சொன்னார். நாற்பத்தெட்டு நாளைக்குக் கை படக்கூடாதாம். நாகலிங்கம் நிலத்தில் முழங்காலூன்றி, யார் கண்ணுக்கும் தெரியாதபடி கையை எட்டும் மட்டும் உள்ளே விட்டு, வயர்களுக்கு நடுவே அதைச் சொருகினார். மூன்றாம் கிழமை, மீற்றர்ப் பெட்டியில் எயார்பாக் விளக்கு சிவப்பாக எரியத் தொடங்கியது.

பத்மாசினி முற்றத்தில் வைத்து லப்டொப்பைப் பொருத்தினாள், 2008க்குப் போனாள், வாசித்தாள். பிறகு ரோச் அடித்து சீற்றுக்குக் கீழே பார்த்தாள். எயார்பாக் வயரின் மஞ்சள் பிளக்கின் மேலே மஞ்சள் துணி குந்தியிருந்தது. தேசிப்புளி வடிந்து, பிளக்கின் செப்பெல்லாம் பச்சைப் பாசி பிடித்தது போல் அரித்துப் போயிருந்தது.

"மாமா, உந்தத் தேசிக்காய்தான் தின்னுது. உதை எடுத்தால் அரை மணித்தியால வேலை."

"தொடாதை!" நாகலிங்கம் கத்தியே விட்டார். "நாப்பத்தெட்டு நாளாகேல்லை. கலியாணம் முடிஞ்சு ஒரு கிழமையாலை எடுக்கலாம்."

"அதுமட்டும் அந்தப் பக்கத்து எயார்பாக் வேலை செய்யாது."

"விளக்கை மட்டும் நூத்துவிடன் மோனை. உன்ரை மிசினாலை ஏலுமெண்டு சிமியோன் சொன்னவன்."

ஏலும். அதுதான் கொடுமை. இந்தச் சீற்றில் எயார்பாக்கே இல்லை என்று காரின் மூளைக்கு ஒரு பொய் சொல்லிவிட்டால் விளக்கு அணைந்துவிடும், கார் அதை நம்பிக்கொண்டு ஓடும். இரண்டு பட்டன் வேலை.

"மாட்டன் மாமா. அதிலை மச்சாள் எல்லே இருக்கப்போறா."

நாகலிங்கம் அவளை ஒருதரம் பார்த்தார். அடுத்தநாள் காரை எங்கோ கொண்டுபோனார். திரும்பி வந்தபோது விளக்கு எரியவில்லை. எப்படி என்று அவளும் கேட்கவில்லை.

கலியாணத்துக்கு எட்டு நாள் இருக்க, மாப்பிள்ளையின் பெரியப்பா பஞ்சலிங்கம் சொல்லியனுப்பினார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், எதையும் கண்ணால் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதவர். காரை ஒருதரம் முறையாகப் பரிசோதிக்க வேண்டும், அரியாலையில் ஒரு கராஜில் பிரெஞ்சு மிசினோடு ஒரு பெண்பிள்ளை வாறாவாம், அங்கே எல்லாரும் வாருங்கள் என்றார். அந்தப் பெண்பிள்ளை யாருடைய வீட்டில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. நாகலிங்கத்துக்கு முகம் மலர்ந்தது.

அன்று பின்னேரம் பாலேஸ்வரி மாமி தேத்தண்ணியோடு அறைக்கு வந்தாள். "நாளைக்கு வாயைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளு பிள்ளை," என்றாள். "இந்தக் கலியாணம் குழம்பினால் அவர் தாங்கமாட்டார். உனக்கும் இந்த வீட்டை விட்டால் ஆர் இருக்கினம்?" மாமி வெருட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். அதனால்தான் அந்தத் தேத்தண்ணி குடியாமலே ஆறியது.

மறுநாள் காலை சிமியோனின் கராஜில் எல்லாரும் கூடிவிட்டார்கள். பஞ்சலிங்கம் வெள்ளை நாஷனல் சட்டையும் மூக்குக்கண்ணாடியும். சுபாங்கன் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம். கார் தன்னுடைய பெயரில் இருப்பதால் தக்சாயினியும் வந்திருந்தாள். நாகலிங்கம் காருக்குப் பக்கத்தில், பொனற்றில் கை வைத்தபடி.

பத்மாசினி சாவியைத் திருப்பினாள். சுகமாயிருக்கிற கார் என்றால் அந்த நேரம் எல்லா விளக்கும் ஒருதரம் எரிந்து அணைய வேண்டும். எல்லாம் எரிந்தன. எயார்பாக் விளக்கு மட்டும் எரியவே இல்லை. யாரோ மீற்றர்ப் பெட்டியைக் கழற்றி அந்தப் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். சிமியோனும் கண்டுவிட்டார், கண்டும் காணாதவர் போல ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். எஞ்சின், பிழை இல்லை. கியர்ப்பெட்டி, பிழை இல்லை. பிரேக், பழைய பிழை ஒன்று, இப்போது இல்லை. பஞ்சலிங்கம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு எயார்பாக் பக்கம் திறந்தது. திரையில் இரண்டு வரி. பிரெஞ்சில்.

பத்மாசினி நிறுத்தினாள். அவளுடைய செபமாலை நடுவில் நின்றதை சிமியோன் அன்றுதான் முதல்முதல் கேட்டார். அந்தக் கராஜில், ஏன், அந்தத் தெருவிலேயே, அந்த இரண்டு வரியையும் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. நல்லம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அறை மிஞ்சும், மாமன் மிஞ்சுவார், கலியாணம் மிஞ்சும். கலியாணம் முடிந்து ஒரு கிழமையில் தானே தேசிக்காயை எடுத்துச் சரிசெய்தும் விடலாம். அதுவரைக்கும் ஒன்றும் நடக்காமல் இருந்தால்.

நாகலிங்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "சொல்லு மோனை. எல்லாம் நல்லதுக்குத்தானே."

அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்கவே கூடாது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் ஒருவேளை வாயை மூடியிருப்பாள்.

"முன் இடது சீற்று எயார்பாக்," என்றாள் பத்மாசினி. "சிர்க்குயி ஊவேர். வயர்த் தொடர்பு அறுந்திருக்கு. தெஃபோ பெர்மனான். எண்டால், நிரந்தரப் பிழை. வந்து போற பிழையில்லை."

பஞ்சலிங்கம் திரைக்குக் கிட்ட வந்தார். மூலையில் இருந்த திகதியை விரலால் தொட்டார். "பிள்ளை, உதிலை ரெண்டாயிரத்தெட்டு எண்டு கிடக்கு. உம்மடை மிசினே பொய் சொல்லுது. உதை நம்பிறதோ?"

"திகதி நான் போட்ட பொய் சேர். அதில்லாட்டில் திறக்காது. பிழை கார் சொல்லுறது."

"அப்ப விளக்கு ஏன் எரியேல்லை?"

பத்மாசினி மாமனைப் பார்க்கவில்லை. "பல்பு இல்லை சேர்."

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நாகலிங்கத்தைப் பார்த்து, வகுப்பில் கள்ளனைப் பிடித்த குரலில், "கார் பழசெண்டு எங்களுக்குத் தெரியும். பழசிலை பிழை வரும். பல்பு தானாக் கழராது," என்றார். நாகலிங்கம் பொனற்றிலிருந்து கையை எடுத்தார். அறுபத்தொன்பது வயது மனுசன் அத்தனை பேருக்கு முன்னால் அப்படி நின்றதைப் பார்க்கப் பத்மாசினிக்குப் பொறுக்கவில்லை. பிழையின் காரணத்தையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகத் தேசிக்காய்க் கதையைச் சொன்னாள். எடுத்துவிட்டால் அரை மணித்தியாலத்தில் சரியாகிவிடும் என்றாள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தேசிக்காய் என்றதும் பஞ்சலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது.

"நேர்ந்து வைச்ச பொருளோ?"

"ஓம்," என்றார் நாகலிங்கம். "நாப்பத்தெட்டு நாள்."

"அப்பிடியெண்டால் இப்ப எடுக்கிறது சரியில்லை. கலியாணம் முடியட்டும்."

"அதைத்தான் நானும் சொன்னனான்."

ஒரு நிமிடத்துக்கு முன்னால் முகம் பார்க்காமல் நின்ற இரண்டு கிழவர்களும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். சிமியோன் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார். பத்மாசினிக்கு வந்த விசருக்கு அளவில்லை. வீட்டையும் மாமனையும் விட்டெறிந்து சொன்ன சொல், ஒரு அழுகின தேசிக்காய்க்கு முன்னால் செல்லாமல் போகிறதே!

அப்போதுதான் தக்சாயினி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு முழங்காலில் இருந்தாள். கையை உள்ளே விட்டு, மஞ்சள் துணியை வெளியே இழுத்தாள். கறுத்து, நாறி, ஒழுகிக்கொண்டு வந்தது.

"இந்தச் சீற்றிலை இருக்கப்போறது நான்," என்றாள். "மச்சாள், நீங்கள் வேலையைப் பாருங்கோ."

பத்மாசினி அரித்த பிளக்கை வெட்டியெடுத்து, வயரைச் சுத்தமாக்கி, ஈயம் பற்றவைத்தாள். சிமியோன் புதுப் பல்பு போட்டார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்து, ஆறு செக்கன் நின்று, அணைந்தது. அவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்தாள், ஹோர்ன் வரைக்கும். பிழை ஒன்றுமில்லை.

"கலியாணம் நடக்கும்," என்றார் பஞ்சலிங்கம் புறப்படும்போது. "ஆனால் உங்களிலை நான் வேறை மாதிரி மதிப்பு வைச்சிருந்தனான் நாகலிங்கம்." நாகலிங்கம் அதைக் கேட்டுக்கொண்டு காரில் ஏறினார். மகளை ஏற்றினார். பத்மாசினியின் பக்கம் திரும்பவேயில்லை.

அவள் பின்னேரம் மட்டும் கராஜிலேயே சுற்றிக்கொண்டு நின்றாள். சிமியோன், "போ தங்கச்சி, எத்தினை நேரம் எண்டு நிப்பாய்?" என்று அனுப்பிவைத்தார். வெயில் தணிந்த நேரம் இணுவிலுக்கு வந்தாள். முற்றத்தில் கார் நின்றது. வீட்டில் யாரும் கூப்பிடவில்லை. அறைக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேசை இழுத்தாள். பிரான்சிலிருந்து வந்த அதே சூட்கேஸ். போ என்று மாமன் சொல்ல முன் போய்விடுவதுதான் மரியாதை என்று நினைத்தாள். சொல்லிக் கேட்டால் தாங்கமாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

நாலு உடுப்பு மடிக்குமுன் கதவடியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாகலிங்கம். கையில் அலுமாரிக்கு மேலே கிடந்த மண்ணிற உறை, அதன்மேல் இரண்டு மாதத் தூசி. சூட்கேசைப் பார்த்தார். அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் இருந்தார்.

"எல்லாரும் ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லினம்," என்றார். "பெத்த பிள்ளையளும் அப்பிடித்தான். நானும் கேக்கப் பயந்து விட்டிட்டன்." உறையை நீட்டினார். "நீ வாசி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

பத்மாசினி கடதாசியை வெளியே எடுத்தாள். பள்ளிக்கூடத்து ஆங்கிலமும் கராஜ் பிரெஞ்சும் சேர்ந்தால் அவளுக்கு அது விளங்கும். கண் ஒருதரம் அடிவரிக்குப் போனது. போன இடத்தில் நின்றுவிட்டது. பிறகு கண்ணை மேலே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பெயர், வேலுப்பிள்ளை நாகலிங்கம்," என்று தொடங்கினாள். "வயது அறுபத்தொன்பது. ஆண். விலாசம், இணுவில்."

"ஓம், அது நான்தான்," என்றார் அவர். "கீழை வாசி மோனை."